மூலப் பாட்டுக்காரியின் சம்மதம்

இன்று கருட சேவைக்கு மறுநாள். சின்னக் காஞ்சிபுரத்தில் இன்றைக்கு நல்ல பால் கிடைக்காது. காபி சுமாராகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மதராஸிலிருந்து எதற்காக வருகிறீர்கள் என்று கம்பெனியார் எழுதியிருந்தார்கள். வேறொரு கம்பெனி நம் பாட்டை எடுத்து, சொற்களை மாற்றி, கிராமபோன் பிளேட் போட்டுவிட்டது. அவர்கள் மேல் வழக்குப் போடுமுன் நம் கையில் இருக்கும் சம்மதப் பத்திரம் நிற்குமா என்று கம்பெனி வக்கீலான உங்களுக்குத் தெரிய வேண்டும். நிற்கும். அதில் முனிரத்தினம் என்று இருப்பது முனிரத்தினம் போட்ட கையெழுத்துதான். என் முன்னால் போட்டான். யாரும் வற்புறுத்தவில்லை. அவன் அம்சவேணியின் புருஷன். பாட்டு அம்சவேணி கட்டியது. அவள் போன ஆவணியில் இறந்துவிட்டாள். வாரிசின் சம்மதம் செல்லும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் சம்மதம் எப்படி வந்தது என்று ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள். எதிர்க்கட்சி வக்கீல் துருவிக் கேட்பார் என்கிறீர்கள். சொல்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பண்டிதர். ஒழிந்த வேளையில் பிளேட்டுகளுக்குப் பாட்டு எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பதைவிடப் பொருத்துகிறேன் என்பது சரி. எனக்குச் சொந்தமாக மெட்டு வராது. ஏற்கெனவே ஒரு பாட்டு இருக்க வேண்டும். அதன் சொற்களை எடுத்துவிட்டு வேறு சொற்களை உட்கார வைப்பேன். நாடகப் பாட்டு, இந்துஸ்தானிப் பாட்டு, பஜனைப் பாட்டு எல்லாவற்றிலும் செய்திருக்கிறேன். வெகுகாலம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாடக முதலாளி வழக்குப் போட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு பாட்டுக்கும் மூலப் பாட்டுக்காரர் யார், அவர் சம்மதம் எங்கே என்று கம்பெனியில் கேட்க ஆரம்பித்தார்கள். அது நியாயம் என்றே நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஒருவர் உண்டாக்கியதை அவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

எங்கள் சன்னிதித் தெருவுக்குப் பின்னால் நெசவுத் தெரு. பள்ளிக்கூடத்துக்கு அந்த வழி குறுக்கு. அம்சவேணி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ராட்டையில் பட்டு நூல் சுற்றுவாள். உள்ளே முனிரத்தினம் தறியில் இருப்பான். சுற்றும்போது ஒரு மெட்டை முனகுவாள். சொல் இருக்காது. நான் வெளியே நின்று கேட்பேன். சில நாள் பார்த்துவிட்டு அவளே பேசினாள்.

"இன்னா சாமி, தெனம் ஜன்னலாண்ட நிக்கிறீங்க. பொடவை வாங்கவா, இல்ல எங்க ஊட்டுக்காரு தூங்காம நெய்யறாரான்னு பாக்கவா?"

உள்ளேயிருந்து முனிரத்தினம் குரல் கொடுத்தான். "சாமி நின்னா நீ கொஞ்சம் சத்தமா பாடற. எனக்குத் தெரியாதா?"

"பாத்தீங்களா சாமி. காலு தறிக்குழியில இருக்குது, காது தெருவுல இருக்குது."

சொற்களைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றாள். ஆடியில் தெருக்கோடி அம்மனுக்குக் கூழ் ஊற்றும் அன்று வந்து கேட்டுக்கொள்ளச் சொன்னாள். போனேன்.

அது மழையை நிறுத்தச் சொல்லும் பாட்டு. தறியில் ஏற்றும் நீள நூலான பாவுக்குக் கஞ்சி தடவித் தெரு நீளத்துக்குக் கட்டிக் காய வைத்திருக்கும்போது மழை வந்தால் நெசவுக்காரன் உழைப்பு போயிற்று. தாயே, மேகத்தை உன் முந்தானையில் முடிந்து வை, என் பாவு காய்ந்ததும் அவிழ்த்துவிடு என்று வரும். அதே கோயிலுக்கு ஏனாத்தூர்க் குடியானவர்கள் வண்டி கட்டி வந்து மழை கேட்டுப் பொங்கல் வைப்பார்கள். அவர்களில் ஒருவர், "நாங்க கூப்புடறோம், நீ தொரத்து. ஆத்தா யாரு பேச்சைத்தான் கேப்பா?" என்றார். "உங்க ஊருல பெய்யட்டும், எங்க தெருவுல வாணாம். அவ்ளோதான நான் கேக்கறது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு தடவை பாவு வெளியே இருக்கையில் வானம் கறுத்து வந்ததாம். அங்கேயே நின்று அந்தப் பாட்டைக் கட்டிப் பாடினாளாம். மழை கூரம் பக்கம் போய்ப் பெய்ததாம். அன்றே பாட்டை அம்மனுக்குக் கொடுத்துவிட்டாளாம். அதனால் சொற்களோடு அம்மன் முன்னால் மட்டும், கூழ் ஊற்றும் நாளில் மட்டும் பாடுவாள்.

அந்த மெட்டில் நான் எழுதிய பாட்டில் நாயகி மழையைக் கூப்பிடுகிறாள். மழை வந்தால் நாயகன் ஊருக்குப் புறப்பட முடியாது. நல்ல கற்பனை என்று கம்பெனியில் எல்லோரும் சொன்னார்கள். ஆர்மோனியக்காரர் மெட்டை வேகப்படுத்தி நடுவில் சில சங்கதிகள் சேர்த்தார். பேர் பெற்ற நாடகப் பாடகி ஒருத்தி பாடினாள். அடுத்த ஆனியில் பதிவு முடிந்தது. மானேஜர் மெட்டு யாருடையது என்றார். என்னுடையது என்று சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. நான் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் ஊர் நெசவுக்காரி ஒருத்தி கட்டியது என்றேன். சம்மதம் இருக்கிறதா என்றார். இருக்கிறது, பத்திரம் பின்னால் வரும் என்றேன். கம்பெனிக்கு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதையும் பிறகு உண்மையாக்கிவிட்டேன்.

பிளேட்டின் லேபிளில் என் பெயர் போடுவதாக இருந்தது. பாட்டு, காஞ்சி யதிராஜன் என்று. அதற்கு முன் எந்தப் பிளேட்டிலும் என் பெயர் வந்ததில்லை. பாடியவர் பெயரும் கம்பெனி பெயரும்தான் வரும்.

பத்திரத்தை எடுத்துக்கொண்டு அம்சவேணியிடம் போனேன். விவரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"பாட்டு என்னுது இல்லிங்க சாமி. ஆத்தாளுக்குக் குடுத்தாச்சு."

"கட்டியவள் நீதானே. நீ ரேகை வைத்தால் போதும்" என்றேன்.

"குடுத்ததைத் திரும்ப எடுத்து உங்களுக்குக் குடுக்கச் சொல்றீங்க. உங்க பெருமாளுக்குச் சாத்தின பட்டை உருவி எனக்குத் தருவீங்களா?"

அம்மன் பத்திரத்தில் ரேகை வைக்க முடியாதே என்றேன். அதற்குச் சிரித்தாள். பூ கட்டிக் கேட்கலாம், ஆத்தாள் சரி என்றால் தன் கைரேகை என்ன, கால் ரேகைகூட வைக்கிறேன் என்றாள்.

இந்த வழக்கம் உங்கள் பக்கத்திலும் இருக்கும். இலைத்துண்டு ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது. வெள்ளை என்றால் செய்யலாம். சிவப்பு என்றால் கூடாது. அவர்கள் தெருவில் கல்யாணம், வைத்தியம், புதுத் தறி இறக்குவது எதுவும் இதைக் கேட்காமல் நடக்காது. பொட்டலத்தை நானே கட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். பூசாரி கண்ணாயிரம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது ஆவாது சாமி. கேக்கறவங்க கட்டக் கூடாது. காரியத்துல ஒட்டு ஒறவு இல்லாதவங்கதான் கட்டணும்."

அவரே கட்டினார். அம்சவேணி எடுத்தாள். செவ்வரளி வந்தது.

அவளுக்கு என் மேல் இரக்கம்தான். "ஒரு தபா கேட்டா கேட்டதுதான் சாமி. வேற பாட்டு வேணும்னா சொல்லித் தரேன். எங்க மாமியாரைத் திட்டி ஒண்ணு கட்டி வெச்சிருக்கேன், ஜோரா இருக்கும்" என்றாள்.

நான் வேறு மெட்டுக்கு முயன்றேன். வரவில்லை. மானேஜர் ஆள் அனுப்பினார். தீபாவளிக்குப் பிளேட் வெளியாக வேண்டும், பத்திரம் வராவிட்டால் அச்சை உடைத்துவிட்டு வேறொருவர் பாட்டைப் போடுவோம் என்று சொல்லியனுப்பினார். அப்போதுதான் உங்களை வந்து பார்த்தேன். உங்களுக்கு நினைவிருக்கும். உயிரோடு இருப்பவர் மறுத்தால் வழியே இல்லை, இல்லாதவர் என்றால் வாரிசைக் கேட்கலாம் என்றீர்கள். சட்டத்தைத்தான் சொன்னீர்கள். அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை.

பொய் ரேகை வைத்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். எந்தக் கட்டைவிரலாக இருந்தாலும் கம்பெனி சோதித்துப் பார்த்திருக்காது. எனக்கு மனம் வரவில்லை. அது திருட்டு.

ஆவணியில் அவளுக்கு வலப்பக்க வயிற்றில் வலி கண்டது. ஜுரம் விடவில்லை. சர்க்கார் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உள்ளே சீழ் கட்டியிருக்கிறது, சாயங்கால ரயிலில் செங்கல்பட்டுக்குக் கொண்டு போய் அறுத்து எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள், தள்ளிப் போட்டால் நிச்சயமில்லை என்று சொல்லியிருக்கிறார். அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. நடுப்பகலில் முனிரத்தினம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். மேல்துண்டு இல்லாமல் வந்திருந்தான்.

"சாமி, அறுக்கணும்ன்றாங்க. அவ பூ வெச்சுக் கேக்காம நவுர மாட்டேன்றா. பூசாரி கூரத்துக்குப் பொண்ணு ஊட்டுக்குப் போயிருக்காரு. தெருவுல எல்லாம் சொந்தக்காரங்க, யாரும் கட்டக் கூடாது. நீங்க வந்து கட்டிக் குடுங்க சாமி. உங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல பாருங்க."

நான் கூப்பிடப் போகவில்லை. அவனாக வந்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு ஆளைப் பார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான். முடியாது என்று சொல்ல முடியவில்லை.

குளித்து, திருமண் இட்டுக்கொண்டு போனேன். கோயிலில் வேறு யாரும் இல்லை. வெள்ளைப் பூச்செடியும் செவ்வரளியும் கோயில் ஓரத்திலேயே இருந்தன. பூப் பறித்தேன். முனிரத்தினத்தை வெளியே போய்த் திரும்பி நிற்கச் சொன்னேன், அதுதான் முறை. பொட்டலங்களைக் கட்டி அம்மன் காலடியில் வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு இதன் மேல் கை வைத்தான். பிறகு எடுத்து அதன் மேல் வைத்தான். மறுபடி இதற்கு வந்தான். உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் எடுத்துக்கொண்டான். பார்க்கப் பாவமாக இருந்தது. எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

முதலில் ஒன்றில் வெள்ளை வைத்திருந்தேன். அதைச் சொல்லிவிட வேண்டும். கட்டும் சமயத்தில் வெள்ளையை எடுத்துவிட்டு அதிலும் செவ்வரளியை வைத்தேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது அப்படி ஒரு எண்ணம் இல்லை. கை செய்தது. கை செய்து முடித்த பிறகு அதைப் பிரித்து மறுபடி கட்ட நேரமும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிரித்துப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். எடுக்காத பொட்டலத்தைப் பிரிப்பது வழக்கமில்லை. நான் அதை எடுத்துப் போய்க் குளத்தில் போட்டேன்.

டாக்டர் திரும்ப வந்து சத்தம் போட்டார். நீங்கள் படித்தவர், நீங்களாவது சொல்லுங்கள் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நான் சொன்னேன். போவதுதான் நல்லது, பூவையெல்லாம் பார்க்காதே, ரயிலுக்கு வண்டி நிற்கிறது என்று அவள் படுக்கைக்கு எதிரில் நின்று சொன்னேன். மனதோடு சொன்னேன். அவள் செங்கல்பட்டுக்குப் போய்விட்டால் நல்லது என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது. டாக்டர் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறார், விசாரித்துக்கொள்ளலாம்.

அம்சவேணி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு நடுவிலும் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள்.

"ஆத்தா வாணாம்னு சொன்னப்புறம் நீங்க சொன்னா கேப்பேனா சாமி? பாட்டுக்கே கேக்கலியே."

அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் போயிருப்பாள். அதற்கு நான் செய்ததைச் சொல்ல வேண்டும். தெருவே வாசலில் நின்றுகொண்டிருந்தது. முனிரத்தினம் என் காலடியில் உட்கார்ந்திருந்தான். நான் என்ன செய்ய முடியும்? வாலாஜாபாத் பக்கம் ரயில் போன சத்தம் கேட்டது. வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனான்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். வயிறு கல்லாக இருந்தது. அவளுக்கு ஆள் தெரியவில்லை. பாவை உள்ளே எடுத்துவிட்டார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்று தெருவில் பாவே இல்லை. முனிரத்தினம், "எடுத்தாச்சு, எடுத்தாச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதற்கு அடுத்த நாள் விடியலில் போய்விட்டாள்.

சிவப்பை நான் வைத்ததால் அவள் போகவில்லை. போகாததால் இறந்தாள். இதை நான் மறைக்கவில்லை. எழுதித் தரச் சொன்னால் எழுதியும் தருகிறேன். அவள் சாக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. ஒரு சம்மதம் வேண்டியிருந்தது. அதற்கு வேறு வழி இருந்திருந்தால் அதில் போயிருப்பேன். பொட்டலத்தை எடுத்ததும் நான் இல்லை. அம்மனுக்கு அவளைக் காப்பாற்ற எண்ணம் இருந்திருந்தால், இரண்டிலும் சிவப்பு இருந்தாலும், ஏதாவது செய்திருக்கலாம்.

காரியம் முடிந்த பிறகு முனிரத்தினத்திடம் கேட்டேன். அவசரப்படுத்தவில்லை. அவன் தறியில் ஏறவில்லை, அரைகுறையாக நின்ற புடவையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பத்திரத்தை முழுவதும் படித்துக் காட்டினேன். அவனுக்குத் தன் பெயர் எழுதத் தெரியும்.

"ஆத்தாளுக்குக் குடுத்த பாட்டாச்சே" என்றான். பிறகு சொன்னான். "ஆத்தா அவளையே எடுத்துக்கினா. பாட்டை நீங்க எடுத்துக்குங்க சாமி. எங்கியாவது அது கேட்டுக்கினு இருந்தா போதும்."

கையெழுத்துப் போட்டான். அந்தப் பத்திரம்தான் உங்கள் கையில் இருப்பது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும், அவள் பாட்டைத் திருடினேன் என்று மட்டும் சொல்ல முடியாது.

வழக்குக்கு இடைஞ்சலாக ஒன்றே ஒன்று இருக்கிறது. முனிரத்தினத்தைக் கூண்டில் ஏற்றினால் அவன் அதைச் சொல்லிவிடக்கூடும். அதனால் முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

தீபாவளிக்குப் பிளேட் வந்தது. லேபிளில் என் பெயர் இருந்தது. அவன் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தலைமையாசிரியரின் கிராமபோன் பெட்டியை இரவல் வாங்கிக்கொண்டு பகலில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் தறிக்குழி ஓரத்தில் கை கட்டி உட்கார்ந்தான். வேட்டியைத் துவைத்துக் கட்டியிருந்தான். நான் சாவி கொடுத்து ஊசியை வைத்தேன். பாடகி பாடினாள். கூட ஆர்மோனியம் ஓடியது. முடிகிறவரை அவன் பிளேட் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தபா வைங்க சாமி."

வைத்தேன். இந்தத் தடவை தலையைச் சாய்த்து, பெட்டிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்து கேட்டான். பாட்டு முடிந்து ஊசி சும்மா உரசிக்கொண்டிருந்தது. நான் ஊசியை எடுத்தேன். அவன் முகத்தில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

"இது மழையக் கூப்புடற பாட்டு சாமி. அவ பாட்டு இது இல்லவே இல்லியே. இதுக்கு எதுக்கு சாமி அவளைக் கேட்டீங்க?"